மாத்தளை நாலந்தா வாசகிக்கு ஒரு பதில்



அந்தியானால் மகன் பந்தோடு மைதானத்துக்கு ஓடுகிறான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை, தரம் 8 படிக்கும் மகள் உதைபந்தாட்டக் குழுவில் சேரக் கேட்டதும் வீடு இரண்டுபட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் சொன்னதையும் மறைக்கவில்லை: பெரியபிள்ளையாகிவிட்டாள், வலைப்பந்து என்றால் போகட்டும், இது நம் பழக்கமில்லை.

வலைப்பந்து மட்டும் எப்போது நம் பழக்கமானது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கூடைப்பந்தைப் பெண்களுக்கென்று இங்கிலாந்தில் திருத்தி எடுத்த ஆட்டம் அது. ஆண்பிள்ளைகளின் உதைபந்தும் அதே வெள்ளைக்காரனோடுதான் வந்திறங்கியது. பிரித்தவன் அவன். நாம் அந்தப் பிரிவினையைப் பாட்டன் சொத்து மாதிரிக் காவல் காக்கிறோம். வலைப்பந்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 2018இல் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வாங்கித் தந்த அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். ஆனால் ஆயிரம் பேர் பார்க்கப் பாவாடையோடு துள்ளுவதில் போகாத மானம், பந்தை உதைத்தால் போய்விடுமா?

அந்த இங்கிலாந்திலேயே 1920 டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஆகாது என்று சொல்லி உதைபந்தாட்டச் சங்கம் தன் கழக மைதானங்களை அவர்களுக்கு மூடியது. திறக்க ஐம்பது வருடம் பிடித்தது. பெலே பிறந்த பிரேசிலில் 1941 முதல் 1979 வரை தடைச் சட்டமே இருந்தது. ஆகவே இந்தத் தடை தமிழ்ப் பண்பாட்டின் தனிச்சொத்து என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அதேநேரம் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன யாழ்ப்பாணத்திலேயே, போரில் இடம்பெயர்ந்து திரும்பிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் உதைபந்தில் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்றிருக்கிறார்கள்.

தலையை மூடிக்கொண்டு ஆடலாமா என்று அயல்வீட்டுத் தோழி கேட்டாராமே. ஆடலாம். 2014இல் உலக உதைபந்தாட்டச் சங்கமான பீபா அனுமதித்துவிட்டது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா அப்படித்தான் ஆடினார்.

எனக்குப் பெரிதாகப் படும் தடை வேறு. அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழிக் குடும்பங்களைப் பாருங்கள். அவர்களுக்குப் பந்து உயிர். அப்படியிருந்தும் மகள்மார் மைதானத்துக்கு வருவது குறைவு. கழகத்துக்குக் காசு கட்ட வேண்டும், கொண்டுபோய் விட வண்டி வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க மூத்தவள் வீட்டில் வேண்டும். பழக்கம் என்ற பெயரில் பாதி நேரம் நாம் பேசுவது இதைத்தான். உங்கள் வீட்டிலும் மகன் பந்தை எடுக்கிற அதே நேரத்தில் மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? தண்ணீர் பிடிப்பதும் கோப்பை கழுவுவதும் யார் கையில்?

மாமியாரோடு பண்பாட்டைப் பற்றி வாதாடாதீர்கள், வெல்ல மாட்டீர்கள். முதலில் அந்த அந்திவேலையில் பாதியை மகனிடம் கொடுங்கள், முணுமுணுத்தாலும் பரவாயில்லை. பிறகு விளையாட்டு ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், மாத்தளையில் போட்டி என்றால் கூட வருவது யார், உடுப்பு மாற்ற அறையும் கழிவறையும் உண்டா, ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் நிற்பாரா. குழுவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போய்க் கேட்டால் “பார்ப்போம்” என்று அனுப்பிவிடுவார்கள்.