ஒட்டகச்சிவிங்கியை விட்டுவிடு

அன்புத் தங்கைக்கு,

பரிணாமக் கொள்கைகளை ஒப்பிட்டு நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடை தெளிவாக இருக்கிறது. ஆனால் லாமார்க் ஒரு பக்கம், டார்வின் மறுபக்கம் என்று போட்டிருக்கும் அட்டவணையையும், கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கியையும் எடுத்துவிடு. 1809இல் வெளிவந்த 'விலங்கியல் தத்துவம்' நூலில் அந்த விலங்குக்கு லாமார்க் கொடுத்தது ஒரு சிறு பத்திதான். அவர் உழைத்தது பூச்சிகளோடும் புழுக்களோடும். தாவரவியலில் பெயர் பெற்றவர், ஐம்பதை நெருங்கும் வயதில், பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்தத் துறையை ஏற்றார். கல்லாகிப்போன சிப்பிகளையும் இன்றுள்ள சிப்பிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான், இனங்கள் மாறுகின்றன என்ற முடிவுக்கு நெருங்கினார்.

உறுப்புகளைப் பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாமல் விடுவதாலும் வரும் மாற்றம் பிள்ளைகளுக்குப் போகும் என்று லாமார்க் நம்பினார், டார்வின் மறுத்தார் என்கிறாய். டார்வின் மறுக்கவில்லை. இருண்ட குகைகளில் வாழும் விலங்குகள் கண்ணை இழந்ததற்குப் பயன்படுத்தாமையே காரணம் என்று 1859இல் அவரே எழுதினார். அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தவர் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன். 1880களில் அவர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. லாமார்க்கின் கணக்கில் எளிய உயிர்கள் இன்றும் தாமாகவே தோன்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் சிக்கலான அமைப்பை நோக்கி ஏறுகிறது. ஆகவே இன்றைய புழுவுக்கும் நமக்கும் பொது மூதாதை தேவையில்லை. டார்வினுக்கோ எல்லாம் கிளைவிட்டுப் பிரிந்த ஒரே குடும்பம். லாமார்க்கிடம் மாறுவது தனி உயிர். டார்வினிடமும், அதே கருத்தைத் தனியாக எட்டிய வாலஸிடமும் ஒரே இனத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் சிறு வேறுபாடுகளில் சில நிலைக்கின்றன, பல மடிகின்றன.

குவியேவை நீ ஒரே வரியில் 'பரிணாமத்தின் எதிரி' என்று தள்ளிவிட்டாய். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். மாமத யானை இன்றைய ஆசிய, ஆப்பிரிக்க யானைகளிலிருந்து வேறான இனம், அது அற்றுப்போய்விட்டது என்று 1796இல் எலும்புகளை வைத்து நிறுவியவர் அவர். லாமார்க்குக்கு இனங்கள் அற்றுப்போவதில் பெரிதாக நம்பிக்கை இல்லை. எகிப்திலிருந்து பதப்படுத்தப்பட்ட அரிவாள் மூக்கன் பறவைகள் பாரிஸ் வந்தபோது குவியே அவற்றின் எலும்புகளை ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றமில்லை. பிறகு எங்கே பரிணாமம் என்று கேட்டார். எகிப்தின் தட்பவெப்பம் மாறவில்லை, பறவை மட்டும் ஏன் மாறவேண்டும், அந்தக் காலமும் மிகச் சிறியது என்றார் லாமார்க். என் கணிப்பில் அது மிக நல்ல பதில். ஆனால் கையில் எலும்பு வைத்திருந்தவர் குவியே. டார்வினின் கொள்கைக்கு லாமார்க் சொன்ன நீண்ட காலமும் வேண்டும், குவியே காட்டிய அழிவும் வேண்டும். அட்டவணையில் இது எப்படி அடங்கும்?

கொள்கைகளை ஒப்பிடும்போது யார் வென்றார் என்று தொடங்காதே. அவரவர் மேசைமேல் என்ன சான்று இருந்தது, எந்தக் கேள்வி அவரை உறுத்தியது என்று கேள். மரபணு என்பதை அறிந்த நாம், அறியாதவர்களுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

இன்னொன்று: லாமார்க்கை அவர் எதிராளியின் வாய்வழி அறியாதே. அவர் இறந்தபின் குவியே எழுதிய நினைவுரை அவர் கருத்தைக் கேலிப்பொருளாக்கியது. அந்தச் சாயல் இன்னும் போகவில்லை. 'விலங்கியல் தத்துவம்' முதல் பாகத்தின் ஏழாம் அதிகாரத்தையும், டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படி. பிறகு அரிவாள் மூக்கனிலிருந்து கட்டுரையைத் தொடங்கி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்