சவலைக் குழந்தையும் எண்ணெய்ச் சத்தும்

கயத்தாறு வட்டாரத்துக் கரிசலில் எள், சூரியகாந்தி, பருத்தி முதலியன மானாவாரியில் விளைகின்றன. எண்ணெய் வித்துக்குப் பஞ்சமில்லாத இப்பகுதியில், அவ்வித்தை விளைவித்த குடியானவர் வீட்டிலேயே இரண்டு வயதுக் குழந்தையின் கிண்ணத்தில் ஒரு துளி எண்ணெயும் விழாதிருப்பதை நாம் பல ஊர்களில் காண்கிறோம். “பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் செரிக்காது” என்று முதியோர் காரணம் கூறுவர். இக்கருத்து ஆராயத்தக்கது.

தாய் மீண்டும் கருவுற்றதும் முலைப்பால் மறந்து, மெலிந்து, முகம் வாடிய குழந்தையைச் சவலை என்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவப் பெண்மணி 1935-இல் உலகுக்கு அறிவித்த ‘குவாஷியோர்க்கர்’ என்ற நோய்ப் பெயரும், இளைய குழந்தை பிறந்தபின் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்றே அந்நாட்டு மொழியில் பொருள்படும். கடல் கடந்த இரு நாட்டுத் தாய்மாரும் ஒன்றையே கண்டிருக்கின்றனர்.

பால் மறந்த குழந்தை இழப்பது புரதத்தை மட்டுமன்று. தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பினின்றே வருகிறது. அதற்கு மாற்றாக நாம் ஊட்டுவது என்ன? வடித்த சோறும் ரசமும். தீட்டிய அரிசி நூறு கிராமில் கொழுப்பு அரை கிராம் அளவே உண்டு. கம்பிலோ ஐந்து கிராம் உண்டு. கம்மங்கூழை விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறியபோது இவ்வேற்றுமையை எவரும் கணக்கிட்டாரில்லை.

கொழுப்பிலும் சில பகுதிகள் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாதவை. அவை உணவிலிருந்தே வருதல் வேண்டும். ஆதலின் அவற்றை இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்பர். லினோலியிக் அமிலமும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் அவற்றுள் தலையாயவை. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929-இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவளித்து ஆராய்ந்தனர். எலிகளின் வளர்ச்சி நின்றது. தோலும் வாலும் செதிள் செதிளாய் உரிந்தன. உரிய கொழுப்பைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின.

நலிந்த குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வமிலங்கள் குறைந்திருப்பதைப் பல நாட்டு மருத்துவர்கள் அளந்து கண்டுள்ளனர். தோல் வறண்டு உரிதல், புண் எளிதில் ஆறாமை, அடிக்கடி நோய் தொற்றுதல் ஆகியவற்றில் இக்குறைக்கும் பங்குண்டு. கண்ணும் மூளையும் உருவாகும் பருவம் இதுவே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாய்ச் சொரசொரப்புத் தோன்றுவதுண்டு. தேரைத் தோல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இதற்குண்டு. முன்னர் இதை வைட்டமின் ‘ஏ’ குறை என்றே கருதினர். இன்றியமையாக் கொழுப்பும் ‘பி’ வைட்டமின்களும் குறைவதே முதன்மையான காரணம் எனப் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. இவ்வாராய்ச்சியில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 1918-இல் நம் குன்னூரில் தொடங்கி, 1958-இல் அந்நகருக்கு மாறிய நிறுவனம் அது.

உழவு மாட்டின் மேனி மினுமினுக்கப் பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கவேண்டும் என்று நம் விவசாயிக்கு எவரும் கற்பிக்கவில்லை. அந்த அறிவைத் தொட்டிலின் பக்கமும் சற்றுத் திருப்பலாம்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. நல்லெண்ணெயில் லினோலியிக் அமிலம் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவிலும், கடலை எண்ணெயில் முப்பது பங்கு அளவிலும் உண்டு. நியாய விலைக் கடைப் பாமாயிலில் பத்துப் பங்கு அளவே. தேங்காய் எண்ணெயில் மிகவும் அற்பம். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இவற்றில் ஏறக்குறைய இல்லை. கீரையிலும் கம்பிலும் சிறிது கிடைக்கும். தூத்துக்குடிக் கடலின் சாளை மீன் இவ்வகையில் இன்னும் சிறந்தது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் குழைந்த சோற்றிலோ கஞ்சியிலோ வேளைக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் சேர்க்கலாம். அரைத் தேக்கரண்டியில் தொடங்கிச் சில நாட்களில் கூட்டினால் செரிமானம் கெடாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாற்பது கலோரி தரும். சிறு வயிற்றுக்கு இது பெரும் உதவி. அங்கன்வாடியில் பெறும் இணை உணவு மாவைக் கஞ்சியாக்கும்போதும் இவ்வாறே செய்க. வறுத்த எள்ளையும் கடலையையும் நன்கு பொடித்தே கொடுக்கவேண்டும். முழுக்கடலை தொண்டையில் அடைத்துவிடும். பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிக. பால் மறக்கடிப்பதற்கும் அவசரம் வேண்டா. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

இவையெல்லாம் மெலியத் தொடங்கிய குழந்தைக்கே. இரு பாதங்களிலும் வீக்கம் கண்டாலும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே எடுத்துச் செல்லவேண்டும். அந்நிலையில் உணவூட்டுதலே மருத்துவர் மேற்பார்வையில் நடக்கவேண்டிய சிகிச்சையாகும்.

மாதந்தோறும் எடை பார்க்கும் வழக்கம் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சிறப்பாகக் கையாளப்பட்டது. இன்றும் அங்கன்வாடிகளில் எடை குறிக்கப்படுகிறது. ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபைக்கு முன் தத்தம் வார்டின் எடைப் பதிவேட்டைப் பார்வையிட்டு, அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை ஏறாத குழந்தைகளின் வீட்டுக்குப் பணியாளருடன் நேரில் செல்வாராக. பருத்தி எடுப்புக் காலத்தில் தாய்மார் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவர். அந்நாட்களில் மாலையில் போவதே பயன் தரும்.