விழுங்கச் சிரமமா? நரம்பு நோயோ என்று பயமா?

ஒருநாள் சோறு தொண்டையில் சற்றுத் தயங்கினால் போதும், அன்றிரவே செல்போனைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். அங்கே கொடிய நரம்பு நோய்களின் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். நோயின் பெயரைத் தேடுவதைவிட எது, எப்போது, எப்படிச் சிக்குகிறது என்று கவனிப்பதுதான் டாக்டருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

1. எச்சிலா, சோறா? வெறும் எச்சிலை விழுங்கும்போது உருண்டை ஒன்று நிற்பதுபோல் இருந்து, சாப்பிட உட்கார்ந்ததும் அது மறைந்துவிட்டால் பெரும்பாலும் நரம்புக் கோளாறு இல்லை. இதை 'குளோபஸ்' என்பார்கள். நெஞ்செரிச்சலும் மனக்கவலையும் இதற்கு வழக்கமான துணைகள். நிஜமான விழுங்கல் கோளாறு சாப்பாட்டு வேளையில்தான் தன்னைக் காட்டும்.

2. உங்களை நீங்களே சோதிக்காதீர்கள். விடாமல் நாலைந்து முறை எச்சிலை விழுங்கினால் வாய் வறண்டுவிடும். அதற்குப் பிறகு விழுங்குவது யாருக்கும் சிரமம்தான். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, அது துடிக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. நீட்டிய நாக்கு லேசாக நடுங்கத்தான் செய்யும். டாக்டர் பார்ப்பது வாய்க்குள் ஓய்வாகக் கிடக்கும் நாக்கை. நாக்குத் துடிப்பை வைத்து எல்லோரும் அஞ்சும் மோட்டார் நியூரான் நோய் அரிதானது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வருவது. அது தொண்டைப் பக்கம் தொடங்கும்போது பெரும்பாலும் பேச்சும் குழறும். அதை உங்களுக்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் கவனித்துவிடுவார்கள்.

3. இட்லி சிக்குகிறதா, தண்ணீர் சிக்குகிறதா? முதலில் சப்பாத்தி, இறைச்சி, பிறகு சோறு, கடைசியில் கஞ்சி என்று சிரமம் படிப்படியாகக் கூடினால் சந்தேகம் உணவுக்குழாய் மீது. எடையும் குறைந்தால், புகையிலைப் பழக்கமும் இருந்தால், எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவினாலேயே தொண்டையின் கீழ்ப்பகுதியில் சவ்வு உண்டாகிக் கெட்டி உணவு சிக்குவதுண்டு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் பாருங்கள். கெட்டி உணவு இறங்கி, தண்ணீர் மட்டும் புரையேறுகிறது, மூக்கு வழியாக வருகிறது என்றால் அப்போது நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

4. புரையேறினால் 'யாரோ நினைக்கிறார்கள்' என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். எப்போதாவது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் என்றால் யாரும் அவ்வளவு நினைப்பதில்லை! தலையில் தட்டுவதால் பயனும் இல்லை. இருமுகிறவரை முன்னால் குனியவிட்டு, நன்றாக இருமவிடுங்கள். உடனே தண்ணீர் புகட்டாதீர்கள். பேச்சும் இருமலும் வராமல் திணறினால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். சரியாகாவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

5. அண்ணாந்து குடிப்பதை நிறுத்துங்கள். எச்சில் படாமல் குடிக்கும் பழக்கம் சுத்தமானதுதான். ஆனால் தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்ளும், தண்ணீரும் வேகமாக உள்ளே பாயும். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தனி டம்ளர் ஒதுக்கிவிட்டால் எச்சில் பிரச்சினையும் தீர்ந்தது. உதட்டில் வைத்து, தலையை நேராக வைத்து, சிறு மிடறாகக் குடிக்கட்டும். தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. பேச்சு, விழுங்கல் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் பாலோ தண்ணீரோ ஊற்றவே கூடாது.

6. இருமல் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். நரம்பு பாதித்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் சத்தமில்லாமலே போகலாம். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வருவது இவைதான் தடயம். காலையும் இரவும் பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்திருந்தால் நிமோனியா அபாயம் குறையும்.

7. உணவின் பக்குவம். ரசம் சோறுதான் லேசு என்று கொடுப்போம். ஆனால் தண்ணீரும் பருக்கையும் கலந்த உணவுதான் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மிகவும் கடினம். குழைய வேகவைத்த சாதத்தைக் கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்தது, வெண்பொங்கல், கெட்டியான கேழ்வரகுக் கூழ் நல்லது. பொரி, வேர்க்கடலை, முறுக்கு வேண்டாம். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் தண்ணீராகிவிடும். எல்லாவற்றையும் நீங்களாகவே கெட்டியாக்கிவிடாதீர்கள். தண்ணீர் குடிப்பது குறைந்து உடல் வறண்டுபோகும்.

8. மாத்திரை. கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும். தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து விழுங்கினால் சுலபம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். மாத்திரை போட்டவுடன் படுக்காதீர்கள்.

9. சாப்பிடத் தொடங்கும்போது சரியாக இருந்து, மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து, மாலையில் இமையும் தொங்கினால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். பெயர்தான் பயமுறுத்தும், நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

10. பார்க்கின்சன் நோயாளிக்கு மருந்து வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

11. திடீரென விழுங்க முடியாமல் போய், வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்.

12. டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரம் எழுதிவையுங்கள்: என்ன சாப்பிட்டபோது, எந்த இடத்தில் நின்றது, எடை எவ்வளவு. சாப்பிடுவதைச் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும். சளி, அலர்ஜி மாத்திரைகள் சில வாயை வறளச் செய்யும். ஈ.என்.டி. டாக்டரிலிருந்து தொடங்கலாம். எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகும் பயம் போகவில்லையானால், அந்தப் பயத்தையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.