மடக்குக் கத்தியின் முத்திரையும் எஃகும்: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

பழைய மடக்குக் கத்திகளை இனங்கண்டு வகைப்படுத்தும் பணியில் இறங்கியிருக்கும் இளம் ஆய்வாளருக்கு,

பழைய கத்தியொன்று கைக்கு வந்ததும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க எழும் ஆசையை அடக்குவதே இத்துறையில் பயில வேண்டிய முதல் பாடம். அலகின் மீது படர்ந்திருக்கும் சாம்பல் நீலப் படலம் அழுக்கன்று. கார்பன் எஃகு காற்றிலும் ஈரத்திலும் பழச்சாற்றிலும் பல்லாண்டு புழங்கியதால் உண்டான அப்படலமே எஃகின் இனத்துக்கு முதல் சான்றாகும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் அச்சான்றை அழிப்பதோடு, முத்திரையின் ஆழத்தையும் குறைத்துவிடுகிறார். பரவிக்கொண்டிருக்கும் செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மென்துணியால் ஒற்றி எடுத்து, மற்றவற்றை அப்படியே விடுவது நல்லது.

முத்திரையை அலகின் நடுவில் அன்றி, அலகும் பிடியும் சேருமிடத்தில் கூர் தீட்டப்படாமல் நிற்கும் சிறு பகுதியில் தேட வேண்டும். சேகரிப்பாளர்கள் இதனை ‘டாங்’ என்பர். தொழிற்சாலைகளில் இம்முத்திரை பெரும்பாலும் துவைச்சலுக்கு, அதாவது எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவதற்கு, முன்பே அச்சால் அடிக்கப்பட்டு, அதன் பிறகே அப்பகுதி சாணை பிடிக்கப்பட்டதால், அசல் முத்திரையின் விளிம்புகள் சுற்றியுள்ள பரப்போடு சமமாக இருக்கும். எழுத்தைச் சுற்றி உலோகம் மேடிட்டிருந்தாலோ, அப்பகுதி அதே கத்தியின் மற்ற அலகுகளில் உள்ளதைவிட மெலிந்திருந்தாலோ, பழைய முத்திரை அராவப்பட்டுப் புதியது பொறிக்கப்பட்டதோ என ஐயுற இடமுண்டு.

முத்திரையில் காணும் ஆண்டைக் கத்தி பிறந்த ஆண்டாகக் கொள்வது தொடக்க நிலையினர் பலரும் விழும் குழி. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து ஹென்கல்ஸ் நிறுவனம் காட்டும் 1731 என்பது அதன் இரட்டையர் சின்னம் பதிவான ஆண்டேயன்றி, கையிலுள்ள கத்தி செய்யப்பட்ட ஆண்டன்று. ஒரு முத்திரை உறுதியாகச் சொல்வது கீழெல்லையை, அதாவது கத்தி எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்பதை, மட்டுமே. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறை, 1909இல் அவருடைய தாயின் நினைவாக ‘விக்டோரியா’ என்ற பெயரை ஏற்று, துருப்பிடிக்காத எஃகு புழக்கத்துக்கு வந்தபின் 1921இல் ‘இனாக்ஸ்’ என்பதையும் சேர்த்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆயிற்று. ஆகவே ‘விக்டோரினாக்ஸ்’ எனப் பொறித்த கத்தி முதல் உலகப் போர்க்களத்தைக் கண்டதென்று விற்பவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், முத்திரையே அதனை மறுத்துவிடும்.

நாட்டின் பெயரும் அவ்வாறே ஒரு கீழெல்லையைத் தரும். அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டுமென விதித்தது. இவ்விதி 1891இல் நடைமுறைக்கு வந்தமையால், ‘இங்கிலாந்து’ அல்லது ‘ஜெர்மனி’ என்ற பெயர் தாங்கிய கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. ஆயினும் பெயர் இல்லாமையைக் கொண்டு கத்தி 1891க்கு முற்பட்டதென முடிவு கட்டலாகாது. உள்நாட்டிலோ பிற நாடுகளிலோ விற்கச் செய்யப்பட்ட, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

கூர்ந்து படித்தால் முத்திரை எவ்வளவு தரும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்ஃபோர்டு நகரின் கேஸ் நிறுவனம் நல்ல பயிற்சிக்களம். அதன் முத்திரையில் ‘யு.எஸ்.ஏ.’ என்னும் எழுத்துகள் 1965இல் சேர்ந்தன; 1970இல் அவற்றோடு பத்துப் புள்ளிகள் இடப்பட்டு, அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டன. ஏழு புள்ளிகள் எஞ்சியிருப்பின் 1973 என்று கணக்கிடலாம். ஆனால் 1980இல் பத்துப் புள்ளிகளிலிருந்து அதே கணக்கு மீண்டும் தொடங்கியதால், புள்ளிகளை எண்ணினால் மட்டும் போதாது. நிறுவனப் பெயரிலுள்ள ‘எஸ்’ எழுத்து வளைவாக இருக்கிறதா, மின்னல் வெட்டுப் போல முறிந்திருக்கிறதா என்பதையும் உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். மின்னல் வடிவ எழுத்து இருப்பின் அந்த ஏழு புள்ளிகள் 1983ஐக் குறிக்கும். அலகில் காணும் 6254 போன்ற மாதிரி எண்ணில் 6 என்பது கொத்து வேலை செய்த எலும்புப் பிடியையும், 2 என்பது அலகுகளின் எண்ணிக்கையையும், 54 என்பது ‘டிராப்பர்’ எனப்படும் வடிவத்தையும் சுட்டும். ஆகவே அவ்வெண் தாங்கிய கத்தி மஞ்சள் பிளாஸ்டிக் பிடியோடு வந்தால், பிடி பின்னர் மாற்றப்பட்டதென்றே கொள்ளத் தோன்றும்.

எஃகின் இனத்தைக் காண்பதில் பரவலான பிழை காந்தத்தை நம்புவது. சமையலறை எவர்சில்வர் பாத்திரங்களில் பெரும்பாலானவை காந்தத்துக்கு ஒட்டாதவை என்பதால், ஒட்டும் அலகு கார்பன் எஃகு என்று பலர் தீர்மானித்துவிடுகின்றனர். கத்திக்கு வேண்டியது துவைச்சலால் கடினமாகும் வகையைச் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. அது காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். எளிய சோதனை வேண்டுமெனில், வெளித்தெரியாத ஓரிடத்தில் எலுமிச்சைச் சாற்றின் ஒரு துளியை வைத்துச் சில நிமிடங்களில் துடைத்தால், கார்பன் எஃகில் கருமை படியும், துருப்பிடிக்காத எஃகில் படியாது. அரிய கத்தியில் இதனையும் செய்யாதிருப்பதே முறை. ஊடுகதிர் ஒளிர்வுக் கருவி கிடைக்குமாயின் அது கத்திக்குச் சேதமின்றிக் குரோமியத்தின் அளவைக் காட்டும், ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு எனலாம். ஆயினும் கையடக்கமான அவ்வகைக் கருவிகள் கார்பனை அளக்க வல்லவையல்ல என்பதால், குரோமியம் குறைந்த அலகு இன்ன தர எண் கொண்ட எஃகு என்று அவற்றைக் கொண்டு எழுதிவிடக் கூடாது. குரோமிய முலாம் பூசிய கார்பன் எஃகு அலகுகளும் இருந்தமையால், கருவி காட்டும் எண்ணை முலாம் உரிந்த விளிம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் தேவை.

எஃகு, முத்திரை இரண்டும் ஒன்றையொன்று சோதிக்கும் இடத்தில்தான் ஆய்வாளரின் திறம் வெளிப்படும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல்தான் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். எனவே அதற்கு முற்பட்ட விக்டோரியா அரசியின் காலத்து அரச முடியையும் பெயரெழுத்துகளையும் தாங்கிய அலகு துருப்பிடிக்காத எஃகாகத் தெரிந்தால், முத்திரை போலி, அல்லது பழைய முத்திரையைப் பின்னாளில் நிறுவனமே வணிகத்துக்காகப் பயன்படுத்தியிருக்கிறது. இவ்விரண்டில் எது என்பதைப் பிடி நுனியின் உலோகப் பூண், பிடியினுள் அமைந்த உள்தகடு, அலகை நிறுத்தும் முதுகு வில் ஆகியவற்றின் வேலைப்பாடே தீர்க்கும். அலகைத் திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் முதுகு வில் பிடியோடு சமமாக அமையாவிடினும், ஆணித்தலையைச் சுற்றிப் பூணில் புதிய கீறல்கள் இருப்பினும், அலகு வேறொரு கத்தியிலிருந்து வந்ததாகலாம். அலகில் ‘அறுவை எஃகு’ என்று பொறித்திருந்தால் அதையும் எஃகின் இனத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது; அச்சொற்றொடர் விற்பனைப் பெயரேயன்றித் தரக்குறியீடு அன்று.

செல்லுலாய்டு பிடி கொண்ட கத்திகளைத் தனியே வைப்பதும் இப்பணியின் கடமை. அப்பொருள் சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி அருகிலுள்ள அலகுகளையும் பூண்களையும் அரித்து, நாளை படிக்க வேண்டிய முத்திரைகளை இன்றே அழித்துவிடும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு கத்திக்கும் மூன்று பத்திகள் ஒதுக்கி, கண்ணால் கண்டதை முதலிலும், அதிலிருந்து ஊகித்ததை அடுத்தும், தீராத ஐயத்தை இறுதியிலும் எழுதும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். ‘நாட்டுப் பெயர் உண்டு, 1891க்குப் பிற்பட்டதாகலாம், அலகு மாற்றப்பட்டதா என்பது தெளிவில்லை’ என்ற மூன்று வரிகள், சான்றின்றி எழுதப்படும் ‘அரிய தொன்மையான கத்தி’ என்னும் பெருமித வரியைவிட அடுத்து வரும் ஆய்வாளருக்குப் பன்மடங்கு பயன்படும்.