பாட்டாவுக்கு எந்தப் பக்கம் உட்காரணும்?

அன்புள்ள மருமகளுக்கு,

டிவி சத்தம் நன்றாகக் கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் பாட்டா வேறு பக்கம் பார்க்கிறார், நடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். நடிப்பு இல்லை மக்களே. போன வருஷம் அவருக்கு இடது காது போனதிலிருந்து மூளையும் மாறிக்கொண்டிருக்கிறது.

சத்தம் வரும் திசையைக் காது சொல்வதில்லை. மூளைதான் கணக்குப் போடுகிறது. நீ வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் குரல் இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுகூட வராத தாமதம். தலை குறுக்கே நிற்பதால் சத்தமும் அந்தப் பக்கம் குறையும். தாழ்ந்த ஒலிக்கு அந்தத் தாமதம், கீச்சொலிக்கு அந்தக் குறைவு என்று 1907-இல் விஞ்ஞானி ரேலி பிரபு விளக்கினார். இரண்டையும் ஒப்பிடுவது மூளைத்தண்டின் வேலை. ஒரு காது போனால் ஒப்பிட எதுவும் இல்லை. வடசேரியில் ரோட்டைக் கடக்கும்போது பாட்டாவுக்கு ஹாரன் கேட்கும், வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது.

இனிதான் விசேஷம். இரண்டு காதும் உள்ளவருக்கு, வலது காதில் விழும் ஒலிக்கு மூளையின் இடப்பாதி கூடுதலாகவும் சற்று முந்தியும் பதில் சொல்லும். ஒரு காது மட்டும் மிஞ்சினால் இந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. நல்ல காது இருக்கும் அதே பக்கத்துப் பாதியும் வேலையில் இறங்குகிறது. வயது வந்தவர்களிடமும் இந்த மாற்றம் சில வாரங்களிலேயே தொடங்கி, ஓரிரு வருஷம் வரை நீள்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போன காதில் 'கொய்ங்' என்று இரைகிறது என்பாரே, அதுவும் பெரும்பாலும் மூளையின் வேலைதான்: உள்ளே ஒன்றும் வராததால் தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது. காது மடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் நுட்பமான மாற்றத்தை வைத்துத் திசையை ஊகிக்கவும் மெல்லப் பழகுகிறது.

பழகினாலும் பழைய கேட்கும் திறன் திரும்பாது. "இன்னொரு காதுதான் இருக்கே" என்று ஊரில் சொல்பவர்களைக் கல்யாணப் பந்தியில் பாட்டா பக்கத்தில் உட்கார்த்த வேண்டும். நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும் பேச்சும் ஒன்றாகக் குழம்பும். எதிரே இருப்பவர் குரலை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு காது வேண்டும். பாயசம் விளம்புபவர் இடப்பக்கம் வந்து "பிரதமன் போதுமா?" என்று கேட்டது காதில் விழாமல், இலை நிறைந்து வழிந்ததை நானே பார்த்தேன். அந்தச் சத்தத்தில் உன்னிப்பாகக் கேட்டே மூளை களைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டார். அதைக் கோபம் என்று நினைத்துவிடாதே.

ஒரு வருத்தம் உண்டு. போன வருஷம் ஒருநாள் காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு காது அடைத்ததுபோல் இருந்தபோது, அழுக்கு என்று எண்ணெய் காய்ச்சி விட்டார்கள், மூன்று வாரம் போனது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். உள்காது நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் மீள வாய்ப்பு அதிகம்.

மிஷின் வாங்கலாமா என்று உன் அம்மா கேட்டாள். கேளாத காதில் மைக் வைத்து நல்ல காதுக்குச் சத்தத்தை அனுப்பும் கருவி இருக்கிறது. பந்தியில் பிரதமன்காரர் குரல் கேட்கும். திசை தெரியாது, ஏனென்றால் எல்லாம் ஒரே காதுக்குத்தான் போகிறது. திசை ஓரளவு திரும்ப வேண்டுமானால் காக்ளியர் இம்ப்ளாண்ட் வேண்டும், அதற்குச் செவிநரம்பு நன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் அவரை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போகிறேன். லீவு கிடைத்தால் நீயும் வா. பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்.

அன்புடன்,
மாமா