தொட்டிக் குறுமரங்களுக்கு ஏற்ற மண் கலவை

வயலில் வண்டல் மண்ணின் அருமையை நன்கறிந்த விவசாயிகள், ‘போன்சாய்’ எனப்படும் குறுமரங்களைத் தொட்டியில் வளர்க்க முற்படுங்கால், அம்மண்ணையே நிரப்பி ஏமாற்றமடைகின்றனர். நானும் தொடக்கத்தில் இச்சிக் கன்றொன்றை ஏரி வண்டலில் நட்டு இழந்தேன். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. கன்று மடிந்தது உரக் குறைவினாலன்று. வேருக்குக் காற்று எட்டாமையினாலேயே.

காரணம் யாதெனில், வயலில் ஜலம் வெகு ஆழம் இறங்க வழியுண்டு. தொட்டியிலோ, துவாரமிருப்பினும், அடியில் சிறிது உயரத்துக்கு ஜலம் தங்கியே நிற்கும். இவ்வுயரம் மண் பருக்கையின் அளவைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. பருக்கை நுண்ணியதாயின் ஈரமட்டம் உயரும். ஆகையால் ஆழமற்ற தொட்டியில் வேர் முழுவதும் சேற்றில் நிற்க நேரிடும்.

இதை எளிதில் சோதிக்கலாம். நனைத்த ஸ்பஞ்சைப் படுக்கையாகப் பிடித்து, சொட்டுவது நின்றபின் செங்குத்தாக நிமிர்த்துக. மேலும் ஜலம் வடியும். தொட்டியின் அடியில் சரளை பரப்புவதும் பரிகாரமன்று. ஈரமட்டம் சரளைக்கு மேல் ஏறி நிற்குமேயன்றிக் குறையாது.

இக்கலையில் தேர்ந்த ஜப்பானியர், எரிமலைச் சாம்பலினின்று உண்டான ‘அகடமா’ என்னும் செம்மண் உருண்டைகளைச் சலித்து, அளவு வாரியாகப் பிரித்து உபயோகிக்கின்றனர். புளிப்பு மண்ணை விரும்பும் அசேலியாச் செடிக்குக் கனுமா நகரின் பெயர் பெற்ற நுரைக்கல் மண்ணை இடுகின்றனர்.

நம் நாட்டில் ஆல், அரசு, இச்சி முதலியவற்றுக்குக் கீழ்க்கண்ட கலவை ஏற்றது:

1. நன்கு வெந்த செங்கல் நொறுக்கு — 2 பங்கு. இது தன் நுண்துளைகளில் ஈரத்தைக் காக்கும். சுண்ணாம்புக் காரை ஒட்டிய பழங்கல் ஆகாது.
2. கழுவிய பெருமணல் — 1 பங்கு. இது காற்றுக்கு இடந்தரும்.
3. நன்கு மக்கிய இலையுரம் — 1 பங்கு.

நொறுக்கும் மணலும் கேழ்வரகுக்குச் சிறுக்காமலும் மிளகுக்குப் பெருக்காமலும் இருத்தல் வேண்டும். சல்லடையில் விழும் தூளைத் தோட்டத்தில் கொட்டுக, தொட்டியில் இடற்க.

இக்கலவை விரைவில் உலருமாதலால், கோடையில் தினந்தோறும் ஜலம் விடுதல் அவசியம். உரத்தைச் சிறுகச் சிறுக இடுக. ஊற்றிய ஜலம் மேலே தேங்கத் தொடங்கின், பருக்கைகள் நொறுங்கித் தூளாயின என்றறிந்து கலவையை மாற்றுக. ஐயமுள்ளோர் இரு தொட்டிகளில், ஒன்றில் வண்டலும் மற்றொன்றில் இக்கலவையும் இட்டு, ஒரே வயதுக் கன்றுகளை நட்டு, ஒரு மழைக்காலத்துக்குப்பின் வேர்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.