ஊற்றுங்கள் ஐயா, தண்ணீரை ஊற்றுங்கள்!

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். அவசர ஷவரின் கம்பியை இழுத்துக் காட்டி, "ஆசிட் பட்டால் யோசிக்காமல் ஓடி வந்து இதன் கீழே நில்லுங்கள்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மேஸ்திரி எழுந்தார். இருபது வருஷ அனுபவஸ்தர். "சார், ஆசிட்ல தண்ணி பட்டா கொதிக்குமே? முதல்ல துணியால ஒத்தி எடுத்துட்டு, சோடா உப்பு போட்டுட்டு, அப்புறந்தானே தண்ணி?" சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள், என்னைப் பார்த்து அல்ல. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பேட்டரிக் கடையில் கேட்டேன். சாயப் பட்டறையில் கேட்டேன். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்திலேயே உதவியாளர் வாயால் கேட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகவும் வருகிறது, "அனைவருக்கும் பகிரவும்" என்ற வேண்டுகோளோடு.

வதந்தியின் பிறப்பிடம் பிளஸ் டூ செய்முறை வகுப்பு. "ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்றணும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது." நல்ல விதிதான். ஆனால் அது பீக்கருக்குச் சொன்ன விதி. பீக்கர் நிறைய அடர் கந்தக அமிலம் இருந்து, அதில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால், அந்தக் கொஞ்சம் தண்ணீர் சட்டென்று கொதித்து ஆசிட்டையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். உடம்பில் பட்டால் நிலைமை தலைகீழ். அங்கே ஆசிட் கொஞ்சம். ஷவரிலிருந்து கொட்டும் தண்ணீரோ ஏராளம்.

வாய்வார்த்தை வேண்டாம், கணக்கே போடுவோம். தோளில் 50 மில்லி அடர் கந்தக அமிலம் கொட்டிவிட்டது என்று வையுங்கள். எடை ஏறக்குறைய 92 கிராம். அது முழுக்க நீர்த்துப்போகும்போது வெளிவரும் வெப்பம் 90 கிலோஜூலைத் தாண்டாது. ஒழுங்கான அவசர ஷவர் நிமிடத்துக்கு 75 லிட்டர் கொட்ட வேண்டும். அந்த வெப்பம் மொத்தத்தையும் ஒரு நிமிடத் தண்ணீர் வாங்கிக்கொண்டால் அரை டிகிரிகூட சூடு ஏறாது. "முதல் நொடியிலேயே எல்லா வெப்பமும் வந்துவிட்டால்?" என்று ஒரு இன்ஜினியர் மடக்கினார். சரி, அந்த ஒரு நொடியில் விழும் ஒன்றேகால் லிட்டருக்கே கணக்குப் பாருங்கள். பதினேழு டிகிரி ஏறும். கொதிநிலை எங்கே, இது எங்கே?

வதந்திக்குள் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது, மறைக்கவில்லை. ஈரத் துணியால் ஒத்துவதும், ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு நிற்பதும் கெடுதல். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் சூடு தங்கும், ஆசிட்டும் பரவும். அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு இன்னும் ஊற்று என்பது. நம் ஆட்கள் எடுத்த முடிவு, ஊற்றாதே!

சோடா உப்பு விஷயத்துக்கு வருவோம். காரமும் அமிலமும் சேர்வதே வெப்பம் கக்கும் வினை. எவ்வளவு ஆசிட் பட்டது, எவ்வளவு உப்பு போடுவது என்று அலறிக்கொண்டிருக்கும் மனிதனின் தோளில் வைத்து யார் அளந்து பார்ப்பது? டப்பாவைத் தேடும் அரை நிமிடத்தில் ஆசிட் தன் வேலையை முடித்துவிடும். டேனரிக்காரர்கள் கூடுதலாக ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பிரிவில் சோடியம் சல்ஃபைடு புழங்குகிறது. அது காரம்தானே என்று யாராவது புத்திசாலி ஆசிட் ஊற்றி "சமன்" செய்யப் போனால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கழிவுத் தொட்டியில் இறங்கியவர்களைச் சாய்க்கும் அதே வாயு. ஒருவரைக் காப்பாற்றப் போய் நான்கு பேர் விழுவார்கள்.

உடனே ஒருவர் விதிவிலக்குகளோடு வருவார். ஆமாம், இருக்கின்றன. உலர்ந்த சுண்ணாம்புத் தூளோ காஸ்டிக் செதில்களோ மேலே கொட்டினால் முதலில் தட்டி உதறிவிட்டு, பிறகு தண்ணீர். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத் தண்ணீரோடு வேலை முடியாது; கால்சியம் குளுகோனேட் களிம்பும் வேண்டும். ஆனால் அங்கேயும் தண்ணீர்தான் முதலில். சோடியம் உலோகம் உங்கள் பட்டறையில் இல்லை, அதைக் காட்டி என்னிடம் வாதாட வராதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

"ஆசிட்தான் ஆபத்து, காஸ்டிக் என்ன செய்துவிடும்?" கண்ணைப் பொறுத்தவரை நேர்மாறு. அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரைந்து, ஓரளவு தானே தடுப்பாகிவிடும். காரம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பே ஒரு குழந்தையின் பார்வையைப் பறிக்கப் போதும்.

"எரிச்சல் நின்றுவிட்டது, போதும்." போதாது. கடுமையாக வெந்த கருவிழியில் நரம்பே செத்திருக்கலாம். வலி இல்லாதது நல்ல சேதி அல்ல. குறைந்தது 15 நிமிடம், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, கண்ணை நாலாபக்கமும் உருட்டி, ஓடும் தண்ணீரில். காரம் என்றால் அதற்கு மேலும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றக் கண்ணாடி தேடாதீர்கள். தண்ணீர் ஓடும்போதே எடுங்கள்.

"சுவரில் அரை லிட்டர் ஐவாஷ் பாட்டில் மாட்டியிருக்கிறோமே." நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்பது கண் கழுவலுக்குக் குறைந்தபட்ச அளவு. உங்கள் பாட்டில் இருபது நொடி தாங்கும். ஷவர் வரை நடப்பதற்குள் கழுவிக்கொள்ளத்தான் அது.

"முதலில் ஆஸ்பத்திரி." முதலில் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இளநீர்: பேசவே வேண்டாம்.

நம்பிக்கை சரியாகி, தொழிலாளி ஓடியே வந்தாலும் ஷவர் தயாராக இருக்கிறதா என்பது வேறு கதை. ஐ.எஸ். 10592 என்று இந்தியத் தரவிதி 1982-லேயே வந்துவிட்டது. பத்து நொடியில் எட்ட வேண்டும், வழியில் எதுவும் நிற்கக் கூடாது, வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டும் என்று அமெரிக்கத் தரவிதி சொல்கிறது. நான் பார்ப்பது? ஷவரின் அடியில் காலி டிரம் அடுக்கு. இழுத்தால் துருத் தண்ணீர். 15 நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். மாடியில் இருப்பது 500 லிட்டர் தொட்டி, ஏழாவது நிமிடம் காற்றுதான் வரும். தண்ணீரின் சூடு 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தகரக் கூரை மேல் குழாய் போட்ட ஆலையில் மே மாத மத்தியானம் கம்பியை இழுத்து, வெறுங்கையை நீட்டிப் பாருங்கள், பார்க்கலாம்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஆசிட்டில் நனைந்த துணியோடு ஷவரில் நிற்பது பற்றுப் போட்டுக்கொள்வது மாதிரி. துணி அதைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டும், உடனே. தலைவழியாக இழுத்தால் முகத்தில் தேய்க்கும், எனவே கத்தரிக்க வேண்டும். இதை ஐம்பது ஆண்கள் நடமாடும் ஷெட்டில், சேலையோ சுடிதாரோ உடுத்திய ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். வெந்தாலும் கழற்ற மாட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மறைப்பு எங்கே?

ஆகவே நான் போகிற இடமெல்லாம் மூன்று பொருள் கேட்கிறேன்: ஷவரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் திரை, கயிற்றில் தொங்கும் ஒரு கத்தரிக்கோல், பக்கத்து அலமாரியில் சில நைட்டிகள். லட்ச ரூபாய் ஷவருக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு ஆலையில் நைட்டிக்கு மட்டும் ஃபைல் நகரவில்லை. பர்சேஸில் இருந்த தம்பி நெளிந்தார்: "சேஃப்டி லிஸ்ட்ல நைட்டின்னு எப்படி சார் எழுதறது?" நானே பேனாவை வாங்கி எழுதினேன்: "அவசரகாலப் பாதுகாப்பு அங்கி, பருத்தி, முழு நீளம், 6 எண்ணம்." மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது, பூப்போட்டது.